கிரித் உங்கோல்: பெயரும் வரலாறும்

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை அண்மையில் படித்து முடித்த தென்காசித் தம்பி ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கதைநாயகன் ஃப்ரோடோவும் அவனுடைய தோட்டக்காரன் சாமும், சௌரோன் என்ற தீய மன்னன் ஆளும் மோர்டோர் நாட்டுக்குள் நுழைகிற கிரித் உங்கோல் என்ற மலைக் கணவாய்க்கு அந்தப் பெயர் எப்படி வந்தது, அதில் உள்ள 'கிரித்' நம்முடைய 'கிரி' என்ற சொல்லோடு உறவுடையதா என்பது முதல் கேள்வி. அங்கே ஒரு பெருஞ்சிலந்தி குடியிருப்பது பெயரிலேயே இருக்கும்போது, மோர்டோரை எதிர்த்து நிற்கும் மனிதரின் அரசான காண்டோர் நாட்டார் ஏன் அதை வெளிப்படையாகச் சொல்லி ஃப்ரோடோவை எச்சரிக்கவில்லை என்பது இரண்டாவது. கணவாயின் உச்சியில் நிற்கும் கோட்டையைக் கட்டியவர் யார் என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

'கிரி' என்ற ஐயம் இயல்பானதுதான் என்றாலும் உறவு எதுவும் இல்லை. இந்தப் பெயர் சிந்தரின் மொழியைச் சேர்ந்தது. அது டோல்கீன் தம் கதையின் எல்ஃப் இனத்தாருக்காக இலக்கணத்தோடும் ஒலி மாற்ற விதிகளோடும் உருவாக்கிய மொழிகளுள் ஒன்று. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பலர் 'சிரித்' என்று வாசிக்கிறார்கள்; ஆனால் அம்மொழியில் அந்த எழுத்துக்கு எப்போதும் ககர ஒலிதான் என்று நாவலின் பின்னிணைப்பிலேயே விதி சொல்லப்பட்டிருக்கிறது. 'கிர்' என்ற வேருக்கு வெட்டுதல், பிளத்தல் என்று பொருள். அந்த வேரிலிருந்து பிறந்த 'கிரித்' மலையை வாளால் வெட்டினாற்போல இருக்கும் குறுகிய பிளவைக் குறிக்கிறது. கல்லிலும் மரத்திலும் வெட்டிப் பொறிக்கும் 'கிர்த்' என்ற எழுத்து வகையின் பெயரும் இதே வேரில் வந்தது. நாம் கல்லில் வெட்டியதைக் கல்வெட்டு என்பதற்கும் அதற்கும் பொருளில் வேறுபாடில்லை. நீரைக் கிழித்துச் செல்லும் கப்பலுக்கான 'கிர்யா' என்ற சொல்லையும், வெட்டிச் செல்லுதல், விரைந்து ஊடுருவுதல் என்ற பொருள் வழியாக அவர் இதே வேரோடு சேர்க்கிறார். ஒரு வேரிலிருந்து எழுத்து, கப்பல், கணவாய் ஆகிய மூன்றும் கிளைப்பதைக் காணும்போது, இந்த மனிதர் பெயர்களைக் காதுக்கு இனிமையாக இருக்கின்றன என்பதற்காக மட்டும் எழுதி வைக்கவில்லை என்பது தெளிவாகும்.

'உங்கோல்' என்றால் சிலந்தி. ஆகவே முழுப் பெயருக்கும் 'சிலந்திப் பிளவு' என்பது நேர்ப் பொருள். தமிழில் எழுதுவோர் இதைச் 'சிலந்திக் கணவாய்' என்று சொல்வதில் பிழையில்லை என்றாலும், கணவாய் என்றதும் நம் பக்கத்தார் மனத்தில் எழும் படம் வேறு. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர் இறங்கும் வழியையும், பணகுடி தாண்டி நாகர்கோவில் போகும்போது தென்மேற்குப் பருவக் காற்று சீறிப் பாயும் ஆரல்வாய்மொழியையும்தான் நாம் கணவாய் என்று அறிந்திருக்கிறோம். இரண்டும் சாலையும் ரயிலும் போகிற அளவுக்குத் தாழ்வான, இடமுள்ள வழிகள். கிரித் உங்கோல் அப்படிப்பட்டதன்று. இருபுறமும் பாறைக் கொம்புகள் நிமிர்ந்து நிற்க, நடுவே ஆள் நுழையும் அளவுக்கு மலை விட்டுக்கொடுத்த ஓர் இடுக்கு அது. என்னைக் கேட்டால் 'சிலந்தி இடுக்கு' என்பதுதான் மூலத்தின் நெருக்கடியைத் தமிழில் கொண்டுவரும்.

இடம் எங்கே என்பதையும் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மோர்டோரின் மேற்கு மதிலாக நிற்கும் மலைத்தொடர் எஃபெல் தூஆத். அதன் மேற்குச் சரிவில் மினாஸ் மோர்குல் நகரம் இருக்கும் பள்ளத்தாக்கிலிருந்து மலையைக் கடக்க இரண்டு வழிகள் உண்டு. படைகள் செல்வது தாழ்வான பெருவழி. அதற்கு வடக்கே, மிக உயரத்தில் இருப்பது கிரித் உங்கோல். அங்கே போக முதலில் நேர்ப்படிக்கட்டு என்ற ஒன்றை ஏற வேண்டும். இருபுறமும் சுவர் எழும்பி நிற்க, நடுவே குறுகலும் செங்குத்துமாக ஏறும் படிகள் அவை. சில தேய்ந்து வழுக்குகின்றன, சில வெடித்துக் கிடக்கின்றன, சில கால் வைத்ததும் நொறுங்குகின்றன. இருட்டில் கீழே பார்க்கவும் முடியாமல், கை விரல்களால் மேற்படியைப் பற்றிக்கொண்டு, வலிக்கிற முழங்காலை வலிந்து மடக்கி ஏறுகிறார்கள். அதன்பின் மலைமுகத்தில் வளைந்து வளைந்து போகும் இரண்டாவது படிக்கட்டு. அதற்கும் அப்பால், நாற்றம் வீசும் ஒரு சுரங்கத்தின் வாய். அதன் பெயர் தோரெக் உங்கோல், அதாவது சிலந்தியின் வளை. அதைக் கடந்து வெளிப்பட்டால்தான் பிளவே வருகிறது. பிளவுக்குப் பெயர் தந்தது அந்த வளையில் இருப்பவள். வளையைத் தவிர்த்துவிட்டுப் பிளவை அடைய ஃப்ரோடோவுக்கு வழியில்லை.

அவள் பெயர் ஷெலோப். உலகின் தொடக்கக் காலத்தில் ஒளியையே உண்டு வாழ்ந்த உங்கோலியன்ட் என்ற பூதச் சிலந்தியின் வாரிசுகளில் எஞ்சிய கடைசிக் குழந்தை அவள். சௌரோன் வருவதற்கு முன்பே, அவனுடைய கருங்கோட்டையின் முதல் கல் வைக்கப்படும் முன்பே, அவள் அந்த மலையில் குடியேறிவிட்டாள் என்று நாவல் தெளிவாகச் சொல்கிறது. பின்னிணைப்பில் உள்ள கால அட்டவணைப்படி சௌரோன் மோர்டோரைத் தேர்ந்தெடுத்துக் கோட்டை கட்டத் தொடங்கியது இரண்டாம் யுகம் 1000-ஐ ஒட்டி. காண்டோர் அரசு நிறுவப்பட்டது அதே யுகத்தின் 3320-இல். ஆக, காண்டோரின் முதல் மனிதன் அந்த மலையை நிமிர்ந்து பார்த்த காலத்தில் ஷெலோப் அங்கே குறைந்தது 2300 ஆண்டுகளாக இருந்துகொண்டிருக்கிறாள். காண்டோரின் உயர்குடியினரும் கற்றோரும் சிந்தரின் அறிந்தவர்கள்; தங்கள் ஊர்களுக்கும் ஆறுகளுக்கும் மலைகளுக்கும் அம்மொழியிலேயே பெயரிட்டவர்கள். ஆகையால் கிரித் உங்கோல் என்ற பெயர் கற்பனையில் தோன்றிய அலங்காரமாக இருக்க முடியாது. அந்த வழியில் போனவர்களை இழந்து, எதனிடம் இழந்தோம் என்பதை அறிந்தவர்கள் வைத்த பெயராகத்தான் அதை நான் படிக்கிறேன். மோர்டோரின் வடமேற்கு வாயிலுக்குக் கிரித் கோர்கோர், அதாவது அச்சப் பிளவு என்று பெயர். அச்சம் என்பது பொதுச்சொல். சிலந்தி என்பதோ சுட்டிக்காட்டும் சொல். இந்த வேறுபாட்டை நான் சிறிதாக எண்ணவில்லை.

இனிக் கோட்டைக்கு வருகிறேன். பிளவின் உச்சியில் நிற்கும் கிரித் உங்கோல் கோபுரத்தை முதல்முறை படிப்பவர்கள் எல்லோரும் அதைச் சௌரோன் கட்டியது என்றே எண்ணுகிறார்கள். தனியாக நின்று அதைப் பார்க்கும் சாமுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றுகிறது. பிறகு அதன் அமைப்பைக் கவனித்ததும் உண்மை உறைக்கிறது: இந்தக் கோட்டை மோர்டோருக்குள் பகைவர் வராமல் தடுக்கக் கட்டப்பட்டதன்று, மோர்டோரில் இருப்பவை வெளியே வராமல் அடைத்து வைக்கக் கட்டப்பட்டது. மலைச்சுவரில் முதுகைச் சாய்த்து மூன்று அடுக்குகளாக எழும் அதன் கொத்தளங்கள் வடகிழக்கையும் தென்கிழக்கையும், அதாவது மோர்டோரின் உட்பக்கத்தை நோக்கி நிற்கின்றன. ஓர் அரண் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையைக் கண்டு அஞ்சியவர்தான் அதைக் கட்டியவர். இதை உணர நம் பக்கத்தார் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழியில் திருவிதாங்கூர் அரசர்கள் எழுப்பிய அரண் கிழக்கே, திருநெல்வேலிச் சீமையைப் பார்த்து நின்றது. வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியின்போது 1809 பிப்ரவரியில் ஆங்கிலேயப் படை அந்த அரணைக் கிழக்கிலிருந்துதான் தாக்கிப் பிடித்தது. கணவாய்க் கோட்டைகளின் வரலாற்றில் திசை என்பது சாட்சியம். டோல்கீன் அந்தச் சாட்சியத்தைக் கதையின் மிக இக்கட்டான நேரத்தில், ஒரு தோட்டக்காரனின் கண் வழியாகப் படிக்க வைக்கிறார்.

கட்டியவர்கள் காண்டோர் நாட்டார். இரண்டாம் யுகம் 3429-இல் சௌரோன் திடீரெனத் தாக்கி, காண்டோரை நிறுவியவர்களுள் ஒருவனான இசில்துரின் நகரம் மினாஸ் இதிலைக் கைப்பற்றினான். மனிதரும் எல்ஃப்களும் இறுதிக் கூட்டணி அமைத்து நீண்ட போர் நடத்தி, 3441-இல் அவனை வீழ்த்தினர். அதன்பின், மோர்டோருக்குள் பதுங்கியிருந்த எச்சங்களைக் காவல் காக்க எல்லை நெடுகக் கோட்டைகள் எழுந்தன. கிரித் உங்கோல் கோபுரம் அவற்றுள் ஒன்று. வடக்கு வாயிலில் நின்ற நார்கோஸ்ட், கார்கோஸ்ட் என்ற இரட்டைக் கோபுரங்களும் அப்படியே. மூன்றாம் யுகம் 1636-இல் பெருங்கொள்ளைநோய் வந்து காண்டோரின் மக்கள் தொகையைச் சிதைத்தது. 1640-இல் அரசன் தன் இருக்கையை மினாஸ் அனோருக்கு மாற்றிக்கொண்டான். மோர்டோர் காவலின்றி விடப்பட்டது என்று அட்டவணை அதே ஆண்டின் கீழ் குறிக்கிறது. 1980-இல், சௌரோனுக்கு அடிமைப்பட்ட மோதிரப் பேய்களான நஸ்கூல்களின் தலைவன் மோர்டோருக்கு வந்து மற்றவர்களைத் திரட்டினான். 2000-இல் அவர்கள் கிரித் உங்கோல் கணவாய் வழியாகவே இறங்கி மினாஸ் இதிலை முற்றுகையிட்டனர். இரண்டாண்டு முற்றுகைக்குப்பின் 2002-இல் நகரம் விழுந்தது. நிலவின் கோபுரம் என்ற பெயருடைய நகரம் அதன்பின் மினாஸ் மோர்குல், மாயவித்தையின் கோபுரம் என்று பெயர் மாறிற்று.

இங்கே கூர்ந்து படிப்பவர்கள் ஒரு முரணைக் காணலாம். பின்னிணைப்பு கோட்டைகள் ஆளின்றிக் கைவிடப்பட்டன என்கிறது. கதையோ துரோகத்தால் கோபுரம் நஸ்கூல் தலைவன் கைக்குப் போனது என்கிறது. நான் இவ்விரண்டையும் பகையாகப் பார்க்கவில்லை. காவல் தளர்வது ஒரே நாளில் நடப்பதன்று. படை குறைந்து, சம்பளம் நின்று, தலைநகரம் மறந்துபோன ஒரு மலைக்கோட்டையில் மிஞ்சியிருக்கும் சிலர் விலைபோவதற்கு இடமிருக்கிறது. நான்கு நூற்றாண்டுத் தளர்ச்சியின் முடிவை ஒரே சொல்லில் 'துரோகம்' என்று மக்கள் நினைவில் வைத்திருந்திருக்கலாம். கணவாய் அப்படியே இருந்தது, பெயரும் மாறவில்லை. பெயரின் பொருளை அறிந்து காவல் நின்றவர்கள் மட்டும் இல்லாமற் போனார்கள்.

இதுதான் இரண்டாவது கேள்விக்கான விடையின் திறவுகோல். ஹென்னெத் அன்னூன் என்ற மறைவிடக் குகையில் காண்டோரின் படைத்தலைவன் ஃபாரமிர், ஃப்ரோடோவுக்கு வழிகாட்டியாக வரும் கோலுமின் திட்டத்தை அறிந்ததும் ஃப்ரோடோவைத் தடுக்கப் பார்க்கிறான். மினாஸ் மோர்குலுக்கு மேலுள்ள கணவாய்களில் ஏதோ ஓர் இருண்ட பயங்கரம் வசிப்பதாகவும், கிரித் உங்கோல் என்ற பெயரைச் சொன்னாலே முதியோரும் நூல் வல்லாரும் முகம் வெளிறி வாயடைத்துப் போவதாகவும் சொல்கிறான். ஆனால் அந்தப் பயங்கரம் இன்னது என்று அவனால் சொல்ல முடியவில்லை. அவன் கற்றவன், சிந்தரின் அறிந்தவன், பழைய ஏடுகளில் தோய்ந்தவன். 'உங்கோல்' என்றால் சிலந்தி என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆயினும் அந்தச் சொல் அவன் காதில் ஓர் இடப்பெயராக மட்டுமே விழுகிறது. ஆயிரம் ஆண்டுகளாகக் காண்டோர் நாட்டார் யாரும் கால் வைக்காத வழியின் பெயர் அது. ஆரியங்காவு என்ற பெயரைத் தினந்தோறும் சொல்கிற ரயில் பயணிகளில் எத்தனை பேர், அது ஆரியனாகிய சாஸ்தாவின் சோலை என்று நினைத்துச் சொல்கிறார்கள்? அங்காவது கோயில் இருக்கிறது; நினைவூட்ட மணியோசை இருக்கிறது. கிரித் உங்கோலுக்கு அதுவும் இல்லை. நம் மலை வழிகளுக்குக் காக்கிற தெய்வத்தின் பெயரை இட்டார்கள், அந்த வழிக்கோ கொல்வதன் பெயரை இட்டார்கள் என்ற வேறுபாடும் எனக்கு எப்போதும் உறுத்தும்.

மறதி ஒரு பக்கம் இருக்க, பெயரைச் சொல்லாமல் தவிர்ப்பது இன்னொரு பக்கம். நம் கிராமங்களில் இருட்டியபின் பாம்பைப் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்பார்கள் அல்லவா, அந்த அச்சம்தான் இந்தக் கணவாய் முழுவதும் நிறைந்திருக்கிறது. கோலும் அவளை 'அவள்' என்று மட்டுமே சொல்லிக்கொள்கிறான். கோபுரத்தில் இருக்கும் சௌரோனின் படையினரான ஓர்க்குகள் அவளை 'சீமாட்டி' என்கிற மாதிரி மறைபெயரால் குறிக்கிறார்கள். ஃபாரமிர் கிரித் உங்கோல் என்ற பெயரைச் சொல்லி இதுதானே இடம் என்று கேட்கும்போது, கோலும் முதலில் இல்லை என்கிறான். பிறகு ஏதோ குத்தினாற்போல அலறி, அந்தப் பெயரை ஒருமுறை கேட்டதுண்டு என்று ஒப்புக்கொள்கிறான். கால அட்டவணைப்படி மூன்றாம் யுகம் 2980-ஐ ஒட்டியே அவன் மோர்டோர் எல்லைக்குப் போய் ஷெலோபுடன் பழக்கம் கொண்டுவிட்டவன். அவளை வணங்கி, இரை கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தவன். அந்த உரையாடலில் இருந்தவர்களுள் பெயரின் முழுப் பொருளை அறிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் அதை மறைக்கப் பார்த்தது அதனால்தான்.

ஃப்ரோடோவுக்கே எல்ஃப் மொழி ஓரளவு தெரியுமே, அவன் ஏன் ஊகிக்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அவன் பெயரைக் கேட்டது வழி முடிவான பிறகு. மோர்டோரின் வடமேற்கு வாயிலான கருவாயில் அடைபட்டிருந்தது, பெருவழியில் படை நின்றது, கையில் இருந்த வழிகாட்டி ஒருவன்தான். பெயரைப் பிரித்துப் பொருள் கண்டிருந்தாலும் அவன் அதே படிகளில்தான் ஏறியிருப்பான் என்பது என் எண்ணம். மூன்றாம் யுகம் 3019 மார்ச் 12 அன்று கோலும் அவனைச் சுரங்கத்துக்குள் அழைத்துச் செல்கிறான். 13 அன்று, ஷெலோபின் கொடுக்குப் பட்டு மயங்கிக் கிடந்தவனை ஓர்க்குகள் தூக்கிச் செல்கிறார்கள். 14 அன்று சாம் கோபுரத்துக்குள் புகுந்து அவனைக் கண்டுபிடிக்கிறான்.

கதைக்குள் நடந்த வரலாறு இது. ஆசிரியரின் மேசையில் இந்தப் பெயருக்கு நடந்த வரலாறும் தெரிந்துகொள்ளத் தக்கது. அவருடைய மகன் கிறிஸ்டோபர் 1990-இல் வெளியிட்ட வரைவுத் தொகுதியைப் படித்தால், தொடக்கத்தில் இந்தப் பெயர் மோர்டோரின் முதன்மை வாயிலுக்கே இருந்தது தெரிகிறது. அப்போது முதலெழுத்தே ககரத்துக்குரிய ஆங்கில எழுத்தாக இருந்தது. இன்று இருக்கும் உச்சரிப்புக் குழப்பம் அன்று இல்லை. முந்தைய கதைத் திட்டத்தில் ஒரு சிலந்தி அன்று, பல சிலந்திகள் இருந்தன. அவை ஃப்ரோடோவை மயக்கத் தூக்கத்தில் ஆழ்த்த, சாம் அவற்றை விரட்டுவதாகக் குறிப்பு இருக்கிறது. கதை வளர வளர முதன்மை வாயில் கிரித் கோர்கோர் ஆயிற்று. சிலந்தியின் பெயர் மலையின் மேலே ஒதுக்கான வழிக்கு நகர்ந்தது. பல சிலந்திகள் சுருங்கி ஒருத்தி ஆயின. ஆக, பெயரும் சிலந்தி என்ற கருத்தும் முதலில் வந்தன. அவள் யார் என்பது பிறகு வந்தது. அவளுக்கே முதல் வரைவில் உங்கோலியன்ட் என்ற தொன்மப் பெயர்தான் இருந்தது. 1944 மே மாதம் மகனுக்கு எழுதிய கடிதத்தில்தான், ஷெலோப் என்ற பெயர் பொருத்தமாக இருக்கிறதா என்று கேட்டு, அது 'அவள்' என்பதோடு சிலந்தியைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லைச் சேர்த்ததே என்று விளக்குகிறார். கோலும் சொல்கிற அந்த 'அவள்' பெயருக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது.

கோபுரத்தின் பெயரும் அவரைப் பிற்பாடு தொல்லைப்படுத்தியது. 1954 நவம்பரில் வெளிவந்த இரண்டாம் பாகத்துக்கு 'இரு கோபுரங்கள்' என்று தலைப்பு. அவ்வாண்டு ஜனவரியில் பதிப்பகத்தாருக்கு எழுதுகையில், அந்தத் தலைப்புக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் அது சாருமான் என்ற மந்திரவாதியின் கோபுரமான ஆர்த்தாங்கையும் கிரித் உங்கோல் கோபுரத்தையுமே குறிக்க வேண்டும் என்றார். ஆனால் முதல் பாகத்தின் இறுதிக் குறிப்பிலோ இரண்டாவது கோபுரம் மினாஸ் மோர்குல் என்று அச்சாயிற்று. இரண்டுக்கும் ஆசிரியரின் எழுத்தே ஆதாரமாக இருப்பதால் இன்றுவரை வாதம் ஓயவில்லை. அவர் தென்னாப்பிரிக்காவில் சிறு குழந்தையாக இருந்தபோது டாரன்டுலா சிலந்தி கடித்த சம்பவத்தைக் கொண்டு இந்தக் கணவாயை விளக்குவோரும் உண்டு. அவரோ அது தமக்கு நினைவே இல்லை என்றும், சிலந்திகள் மீது தமக்குத் தனி வெறுப்பு இல்லை என்றும் 1955-இல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லிவிட்டார். நான் அவர் சொல்லை ஏற்றுக்கொள்கிறேன்.

போருக்குப்பின் கணவாய் என்ன ஆயிற்று என்பதை நீங்கள் கேட்கவில்லை என்றாலும் அதையும் சொல்ல வேண்டும். மோர்குல் பள்ளத்தாக்கில் இருந்த நகரம் முழுவதும் இடிக்கப்பட வேண்டும் என்றும், காலப்போக்கில் அந்த இடம் தூய்மையாகக் கூடும் என்றாலும் நெடுங்காலம் யாரும் அங்கே குடியிருக்க இயலாது என்றும் முடிவாகிறது. ஆகவே கீழேயிருந்து அந்தப் படிக்கட்டுக்குப் போகும் வழி தானாகவே அற்றுப்போகிறது. சாமின் கையிலிருந்த வாளின்மேல் தன் பாரத்தையே இறக்கி வயிறு கிழிபட்ட ஷெலோப், சொட்டுச் சொட்டாகப் பச்சை நிணநீர் ஒழுக வளைக்குள் ஊர்ந்து போகிறாள். அங்கே அவள் மாண்டாளா, அல்லது இருளில் கிடந்து மெல்ல மெல்லத் தேறி, மீண்டும் அந்த இடுக்கில் வலை பின்னினாளா என்பதை இந்தக் கதை சொல்லாது என்று ஆசிரியரே எழுதி நிறுத்திவிட்டார். அதனால் போருக்குப் பிந்திய காண்டோரின் நிலப்படத்தில் அந்தப் பெயரை மாற்றியிருக்க எந்தக் காரணமும் இல்லை.